கீபோர்டு பழசு, லைசென்ஸ் யாருடையது?

கணினியோடு இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எல்லாக் கீயும் அழுந்துகிறதா, சுருதியை வளைக்கும் பிட்ச் வீல் நடுவுக்குத் திரும்புகிறதா என்று தட்டிப் பார்ப்போம். அதோடு வந்த சாஃப்ட்வேர் சிந்த் (கணினியில் ஒலி எழுப்பும் மென்பொருள்) யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க மாட்டோம். பெட்டியிலிருக்கும் ஆக்டிவேஷன் குறியீடு பொதுவாக ஒரு தடவைதான் செல்லும். முதல் ஆள் அதைப் பதிந்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது அட்டை மட்டும். சில நிறுவனங்களில் பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து கருவியை விடுவித்தால் லைசென்ஸ் கைமாறும், சிலவற்றில் மாறாது. எனவே காசு கொடுப்பதற்கு முன்பே விற்பவரை அவருடைய கணக்கில் லாகின் செய்யச் சொல்லி அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு போன் எடுப்பாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

யமஹா கீபோர்டுகள் பலவற்றோடு க்யூபேஸ் ஏஐ வரும். இது ஸ்டெய்ன்பெர்க் நிறுவனத்தின் க்யூபேஸ் ரெக்கார்டிங் மென்பொருளின் எளிய வடிவம். இதன் 11-ஆம் பதிப்பு வரை லைசென்ஸ் இ-லைசென்சர் என்ற உரிமச் சரிபார்ப்பு மென்பொருள் வழியாக அந்த ஒரே கணினியோடு கட்டப்பட்டிருந்தது. 2022-இல் வந்த 12-இலிருந்து கணக்கில் லாகின் செய்தால் போதும், மூன்று கணினிகள் வரை ஓடும். இ-லைசென்சர் சேவை 2025 மே 20-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. பழைய பதிப்பு இன்று ஓடுகிறது என்றால் அந்தக் கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். செய்தால் மறுபடி ஆக்டிவேட் செய்ய வழியில்லை.

லைசென்ஸ் சரியாக இருந்தும் சிந்த் பட்டியலில் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ப்ளகின் வடிவம், அதாவது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் அந்தச் சிந்த் 32-பிட்டா 64-பிட்டா, விஎஸ்டி2-ஆ விஎஸ்டி3-ஆ என்பது. மேக் ஓஎஸ் கேட்டலினா (2019) 32-பிட்டை அடியோடு நிறுத்தியது. விண்டோஸில் ரீப்பர் மாதிரி சில ரெக்கார்டிங் மென்பொருள்கள் இன்னும் 32-பிட் ப்ளகின்களை பிரிட்ஜ் செய்து (இடையில் ஒரு இணைப்பு வைத்து) ஓட்டும், க்யூபேஸ் 9 முதல் ஓட்டாது. பழைய ப்ளகின் வடிவமான விஎஸ்டி2-இல் ப்ளகின் செய்பவர்களுக்குப் புது லைசென்ஸ் தருவதை ஸ்டெய்ன்பெர்க் 2018-லேயே நிறுத்திவிட்டது. எம்1 முதலான ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் க்யூபேஸ் நேட்டிவ்வாக (அந்தச் சிப்புக்கென்றே எழுதிய வடிவில்) ஓடினால் புதிய வடிவமான விஎஸ்டி3 மட்டுமே தெரியும். ஃபைண்டரில் க்யூபேஸைத் தேர்ந்தெடுத்து, கெட் இன்ஃபோவில் ரொசெட்டா (இன்டெல் மேக் மென்பொருளைப் புது மேக்கில் ஓட்டும் வசதி) பெட்டியை டிக் செய்து திறந்தால் விஎஸ்டி2-உம் வரும். ஆனால் ரொசெட்டாவின் முழு ஆதரவு மேக் ஓஎஸ் 27 வரைதான் என்று ஆப்பிள் அறிவித்தாயிற்று.

அதற்குள் பழைய பிராஜெக்டுகளைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு சிந்த்தின் ஒலியையும் அதன் சொந்த ப்ரீசெட் மெனுவில் (ஒலி அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) சேமித்து, அந்த டிராக்கை ஆடியோ கோப்பாக மாற்றி (பவுன்ஸ் செய்து), வாசித்த சுரங்களின் பதிவான மிடியையும் தனியே எடுத்து வையுங்கள். விஎஸ்டி3-ஐப் போட்டால் பழைய செட்டிங் தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். ப்ளகின் செய்தவர் அதற்கென்று வழி செய்திருந்தால்தான் வரும்.

கான்டாக்ட் என்ற சாம்பிளரில் (பதிவுசெய்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் மென்பொருள்) வேறொரு தலைவலி: புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் குறைந்த பதிப்பு வைத்திருப்பவர் கையில்தான் சேமிக்கும் பொறுப்பு இருக்க வேண்டும். இலவச பிளேயரில் முழு கான்டாக்டுக்கான லைப்ரரியைத் (ஒலித் தொகுப்பைத்) திறந்தால் 15 நிமிடத்தில் டெமோ முடிந்துவிடும். இதை லைசென்ஸ் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்பவர்கள் நிறைய.

கீபோர்டு கணினியில் தெரிகிறது, சத்தம் இல்லை என்றால் விண்டோஸில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மிடி போர்ட்டை, அதாவது கீபோர்டின் தகவல் கணினிக்குள் வரும் வழியை. பல டிரைவர்களில் ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். தனியாகத் திறந்து வைத்த சிந்த்தை மூடிவிட்டு, ரெக்கார்டிங் மென்பொருளை மறுபடி திறங்கள். டிரைவரே இனி வராத பழைய மாடலாக இருந்தால், 5-பின் மிடி அவுட் இருக்கிறதா பாருங்கள். ஒரு சாதாரண யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் போதும்.

சொந்த ஒலி உள்ள கீபோர்டில் ஒரு கீக்கு இரண்டு சத்தம் கேட்டால் லோக்கல் கன்ட்ரோலை (கீகளைக் கீபோர்டின் சொந்த ஒலியோடு இணைக்கும் அமைப்பு) ஆஃப் செய்யுங்கள். கச்சேரிக்கு எடுத்துப் போகும் முன் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேடையில் கீ அழுந்தும், ஒலி வராது.