மூப்பர் வீட்டுக்கு வந்த சாயங்காலம்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல நலம் விசாரித்து ஜெபித்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்ததும், "தம்பி, அண்ணனோடு பேசுகிறாயா?" என்றார். பேசவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டைப் பங்கு பிரிப்பதில் வந்த சண்டை. ஒன்றரை வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை, சபையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். "அப்படியானால் நாளைக்குத் திருவிருந்தில் கை நீட்டாதே. முதலில் போய் அவரிடம் பேசு, அப்புறம் வா." (கிறிஸ்துவின் மரணத்தை நினைத்துச் சபையார் ஒன்றாக அப்பமும் ரசமும் எடுப்பதுதான் திருவிருந்து.)

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "ஐயா, சொத்துத் தகராறில் சபைக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ஜெபித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நான் சபைக்குப் போகவில்லை. அடுத்த மூன்று மாதம் வேறொரு பெரிய சபையின் ஆராதனையை வீட்டில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, பிரசங்கம் நன்றாகவே இருந்தது, பாட்டு எங்களுடையதைவிட எவ்வளவோ மேல். அங்கே ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

இத்தனைக்கும் நான் பழைய விசுவாசத்தில் நிற்கிறவன். வேதம் பிழையற்றது, உயிர்த்தெழுதல் நடந்த சம்பவம், திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவே தேவன் வைத்தது, இதிலெல்லாம் காலத்துக்குத் தக்கபடி வளைந்துகொடுக்க எனக்குச் சம்மதமில்லை. என்னைப் போன்றவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்றும் தெரியும்: உலகம் எப்படிக் கெட்டுப்போய்விட்டது, பிள்ளைகள் என்னென்ன பார்க்கிறார்கள், சட்டங்கள் எங்கே போகின்றன. ஆனால் இந்தக் காலத்தின் முதுகெலும்பே "என் வாழ்க்கையைப் பற்றி என்னை யாரும் கேட்கக்கூடாது" என்பதுதானே. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் நான் அவ்வளவு நாளும் ஆராதனைக்குப் போயிருக்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை அந்த மூன்று மாதத்தில்தான் ஒழுங்காக வாசித்தேன். தகப்பனுடைய மனைவியை வைத்திருந்த ஒருவனைச் சபை சகித்துக்கொண்டிருந்தது, அதற்காக அந்த நிருபத்தை எழுதின அப்போஸ்தலன் பவுல் கொதிக்கிறார். கொதித்துவிட்டு அவர் சொல்வதுதான் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம். உலகத்து விபசாரக்காரரோடு கலவாதிருங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படியென்றால் நீங்கள் உலகத்தை விட்டே போகவேண்டியிருக்குமே என்கிறார். வெளியே இருக்கிறவர்களைத் தீர்ப்புச்செய்வது என் வேலையா, உள்ளே இருக்கிறவர்களை அல்லவா நீங்கள் தீர்ப்புச்செய்ய வேண்டும் என்று கேட்கிறார். நாம் செய்வது அப்படியே தலைகீழ். வெளியே இருக்கிறவனுக்குத் தினமும் தீர்ப்பு, உள்ளே இருக்கிறவனிடம் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு சரி.

நம் முன்னோர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1561இல் கீடோ டி ப்ரே என்கிற சீர்திருத்தப் போதகர் எழுதின பெல்ஜிக் விசுவாச அறிக்கை, மெய்யான சபைக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சுவிசேஷம் சுத்தமாகப் பிரசங்கிக்கப்படுவது, சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானமும் திருவிருந்தும்) கிறிஸ்து நியமித்தபடி கொடுக்கப்படுவது, பாவத்தைத் திருத்துகிற சபை ஒழுங்கு. அதை எழுதினவர் 1567இல் தூக்கிலிடப்பட்டார். முதல் இரண்டுக்காக இன்றைக்கும் சண்டை போடுகிறோம், மூன்றாவதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்காட்லாந்து சபைகளில் திருவிருந்துக்கு முன்பு மூப்பர்கள் ஒவ்வொருவரையும் விசாரித்து, ஈயத்தில் செய்த சின்ன வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அந்த வில்லை இருந்தால்தான் பந்தியில் உட்கார முடியும். 1553இல் ஜெனீவாவில், சபை விலக்கிவைத்திருந்த பெர்த்தலியே என்கிற செல்வாக்குள்ள மனிதரைத் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ள நகர மன்றம் அனுமதித்தபோது, உயிரே போனாலும் கொடுக்கமாட்டேன் என்று அங்கே போதகராக இருந்த கால்வின் நின்றார். (அதே வருடம் அதே ஊரில்தான் திரித்துவத்தை மறுத்த செர்வேட்டஸை உயிரோடு எரித்தார்கள் என்பது உடனே ஞாபகம் வரும், வரவும் வேண்டும். அரசின் வாள் சபையின் விசாரணைக்குத் துணை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சபையின் கையில் இருக்கவேண்டியது வார்த்தையும் பந்தியும் மட்டும்தான்.)

வாள் இல்லாமலும் கெடுக்கலாம். ஜோனத்தன் எட்வர்ட்ஸ் எவ்வளவு பெரிய பிரசங்கி! 1744இல், அமெரிக்காவில் அவர் போதகராக இருந்த நார்தாம்ப்டனில் சில வாலிபர்கள் மருத்துவச்சிகளுக்கான புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு பெண்களைக் கேலி செய்தார்கள். விசாரிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் சபையில் பெயர்களை வாசித்தபோது குற்றம்சாட்டப்பட்டவர் யார், சாட்சி யார் என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தமாக வாசித்துவிட்டார். பல குடும்பங்களின் மனம் அன்றைக்கே முறிந்தது. 1750இல், யாரைத் திருவிருந்தில் சேர்ப்பது என்கிற தகராறு முற்றி, அதே சபை அவரை அனுப்பிவிட்டது. தனியாகப் பேசவேண்டியதை மேடையில் பேசினால் இப்படித்தான்.

இதற்கு நேர்மாறான கேடு ஒன்று உண்டு, அது இன்னும் மோசம். சிறியவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிற சபை, ஊழியக்காரன் தப்பு செய்தால் "சபையின் பெயர் கெடும்" என்று பாயை இழுத்து மூடுகிறது. அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் பிரிவான தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷனில், பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களின் பட்டியலை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களைத் தலைவர்கள் அலைக்கழித்தார்கள் என்பதை 2022இல் வெளியான விசாரணை அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வேதத்தைப் பிழையற்றது என்று அறிக்கையிடுகிற, என்னைப் போன்ற ஆட்கள். பாவம் செய்கிற மூப்பரை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று இளம் ஊழியனான தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியிருக்கிறாரே, அதை எந்தக் கணக்கில் தள்ளினார்கள்? சட்டம் குற்றம் என்று சொல்வதைச் சபை தனக்குள் பேசித் தீர்க்க முயல்வது ஒழுங்கு நடவடிக்கை அல்ல, ஒளித்துவைப்பது.

மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன வரிசை எவ்வளவு மெதுவானது என்று பாருங்கள். முதலில் நீயும் அவனும் தனித்து, அப்புறம் ஒன்றிரண்டு பேர், அதற்கும் அப்புறம்தான் சபை. அதற்கு முன்னால் இருப்பது காணாமற்போன ஆட்டின் உவமை, பின்னால் வருவது எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்ற பேதுருவின் கேள்வி. எங்கள் மூப்பர் தனியாகத்தான் வந்தார். யாரிடமும் சொல்லவில்லை, இதையும் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், முட்டி வலியோடு.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. கால் மணி நேரம் அம்மாவின் மருந்தைப் பற்றிப் பேசினோம், கிளம்பும்போது வாசல்வரை வந்தார். அடுத்த திருவிருந்தன்று தட்டோடு வந்த மூப்பர் என் முன்னால் ஒரு நொடி நின்று பார்த்தார். நான் தலையசைத்தேன். தட்டை நீட்டினார்.

வீட்டுப் பங்கு இன்னும் பிரியவில்லை.