தொழில் உரிமத்துக்கு லஞ்சம் கேட்டார்கள், புகார் கொடுத்தேன்

மரச்செக்கு போடுவதற்கு அரசின் முத்ரா சிறுதொழில் கடன் திட்டத்தில் கிஷோர் என்ற பிரிவில் கடன் கிடைத்தது, வாடகைக்கு இடம் பிடித்தது, செக்கு வந்து இறங்கியது எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டன. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் இணையத்திலேயே வந்துவிட்டன. (உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.) மோட்டார் வைத்துத் தொழில் நடத்த உள்ளாட்சி உரிமம் ஒன்றுதான் பாக்கி. வழக்கு நடப்பதால் எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதவில்லை.

முதலில் சொத்து வரி ரசீது இல்லை என்றார்கள். அடுத்து கட்டட உரிமையாளரிடம் தடையில்லாச் சான்று. அதைக் கொடுத்தால், பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம். அப்புறம் வரைபடத்தில் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று எழுதவில்லையாம். எதையும் ஒரே தடவையில் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. கடைசியில் அலுவலக வாசல் ஜெராக்ஸ் கடையில் நிற்பவர்தான் விஷயத்தை உடைத்தார். "சாரைக் கவனிச்சுட்டா இந்த வாரமே கையெழுத்து ஆயிடும் அண்ணே. மேல வரைக்கும் போகணும்ல, பதினஞ்சு ஆகும்." அடுத்த முறை உள்ளே போனபோது அந்த அலுவலரே, "அவர்கிட்ட பேசிட்டீங்களா தம்பி?" என்றார்.

15,000 ரூபாய் பெரிய தொகைதான். ஆனால் என்னை நெருக்கியது அது இல்லை. பூட்டிக் கிடந்த கடைக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது, வங்கித் தவணையும் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தால் இழப்பு லஞ்சத் தொகையைத் தாண்டிவிடும். நாற்காலியில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பெரிய நிறுவனத்துக்கு அலைவதற்கென்றே ஆள் இருக்கிறார், தாமதத்தைத் தாங்கப் பணம் இருக்கிறது. என்னைப் போல ஒற்றை ஆளாகக் கடை போடுபவனுக்கு இரண்டும் இல்லை. தெருவில் விசாரித்தபோது கிட்டத்தட்ட எல்லோருமே கொடுத்துத்தான் திறந்திருக்கிறார்கள்.

லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்குப் போனேன். புகாரை என் கைப்பட எழுதச் சொன்னார்கள். போனில் இருந்த பேச்சுப் பதிவைக் கேட்டார்கள். பதிவு இருந்தால் அந்தப் போனிலேயே அப்படியே வைத்திருங்கள். வெட்டுவது, வேறு போனுக்கு மாற்றிவிட்டு அழிப்பது எதுவும் வேண்டாம்.

பணத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். நோட்டு எண்களையெல்லாம் குறித்துக்கொண்டு, வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வைத்து, பினாப்தலின் பொடி தடவினார்கள். பொடி பட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். அதையும் முன்னாலேயே செய்து காட்டினார்கள். திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: அவராகக் கேட்டால் ஒழியப் பணத்தை எடுக்கக் கூடாது. கேட்டது நிரூபணமாகாவிட்டால், கையில் பணம் இருந்தது மட்டும் போதாது. கைகுலுக்கவும் கூடாது.

முதல் முறை வீணாகப் போனது. ஒரு சாட்சியை உறவுக்காரர் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். மாலை வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். அன்று இரவு தூக்கமே இல்லை, விஷயம் கசிந்துவிட்டதோ என்று பயம். இன்னொரு நாள் மறுபடியும் அதே ஏற்பாடு. இந்தத் தடவை அவரே, "கொண்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டு வாங்கினார், மேஜை டிராயரில் வைத்தார். வெளியே வந்து சொல்லிவைத்த சைகையைக் காட்டினேன். உள்ளே போனவர்கள் அவர் கையைக் கரைசலில் நனைத்தபோது நிறம் மாறியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மகஜர் (நடந்ததைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு), வாக்குமூலம் என்று எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமம் பிறகு ஒரு கேள்வியும் இல்லாமல் வந்தது. அத்தனை நாள் குறையாக இருந்த காகிதங்களில் ஒன்றைக்கூட மறுபடி கேட்கவில்லை! லஞ்சமாகக் கொடுத்த நோட்டுகள் வழக்குச் சொத்தாகிவிட்டன; அதற்கு ஈடான பணத்தைத் துறை பின்னர் கொடுத்தது.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் மற்ற எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளுங்கள். தராசுக்கு முத்திரை, பெயர்ப் பலகையில் தமிழ், வாடகை ஒப்பந்தம், வரி ரசீதுகள். எனக்கு அடுத்தடுத்துச் சோதனைக்கு வந்தார்கள். எல்லாம் கையில் இருந்ததால் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள், மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நான் எப்போது விண்ணப்பித்தேன் என்பதற்கு அந்த நகல்தான் ஆதாரம்.

வழக்கு மெதுவாகத்தான் நகர்கிறது. விசாரணையை 2 ஆண்டுகளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம். குறுக்கு விசாரணையில், முன்விரோதத்தால் பொய்ப் புகார் கொடுத்தேன் என்று என்னையே கேட்டார்கள். முந்தின நாள் என் வாக்குமூல நகலைப் படித்துவிட்டுப் போனது உதவியது.

இப்போது சிறுகடைக்காரர்கள் சிலர் தனியாக வந்து விசாரிக்கிறார்கள். பலர் பயப்படுவது, "ஏற்கெனவே கொடுத்துவிட்டேனே, நானும் மாட்டுவேனா?" என்றுதான். லஞ்சம் கொடுப்பதும் இப்போது குற்றம், உண்மைதான். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு விலக்கு உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுப்பவருக்கும் அப்படித்தான். போன வாரம் வந்த தையல்கடைக்காரர் முன்பணமாக 3,000 கொடுத்திருந்தார். ஏழு நாள் தாண்டவில்லை. அன்று மதியமே அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் எழுத வைத்தேன்.