ஜிம்னியின் டிக்கியும் குன்சும் கணவாயும்

மாருதி சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி வண்டியின் டிக்கி 208 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 332. வண்டி வாங்கும்போது இந்த எண்களைப் படித்துவிட்டுக் கடந்து போய்விட்டேன். கோயம்புத்தூரிலிருந்து இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய் வர மூன்று வாரச் சாமானை வாசலில் பரப்பி வைத்த அன்றைக்குத்தான் அந்த எண் எவ்வளவு சின்னது என்று புரிந்தது. கூடாரம், இரண்டு ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ், மூன்று லிட்டர் குக்கர், அரிசி, பருப்பு, இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சல், தண்ணீர் கேன், காற்றடிக்கும் பம்ப், இழுவைக் கயிறு, குளிர் உடுப்பு. "என்னங்க, இதுல பாதிக்குப் பாதி இங்கேயே நின்னுரும் போலிருக்கே" என்றாள் மனைவி.

இடம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளி அகலமே 1,645 மில்லிமீட்டர்தான், அதிலும் சக்கரங்களின் வளைவு இரண்டு பக்கமும் உள்ளே வந்து இடத்தைத் தின்றுவிடும். வெளிநாட்டில் ஓடும் மூன்று கதவு ஜிம்னியின் டிக்கி வெறும் 85 லிட்டர். இங்கே 2023இல் வந்த ஐந்து கதவு வண்டிக்கு வீல்பேஸை, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை, 340 மில்லிமீட்டர் நீட்டினார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி பின்னால் உட்காருபவர்களின் காலுக்குப் போய்விட்டது. எனக்கு இதில் குறை ஏதும் இல்லை. மலைக்கிராமத்துச் சந்துக்குள் நுழைந்து திரும்பி வர முடிகிறதே, அதற்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன்.

இடம் வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் போவது கூரைக்கு. நானும் போனேன். இரும்புக் கேரியர் ஒன்றை மாட்டினேன், அதுவே முப்பது கிலோ. உள்ளே பின் சீட்டை மடக்கி, அதற்கு மேல் இரண்டு டிராயர் வைத்த மேடை ஒன்றைத் தெரிந்த ஆசாரியிடம் செய்யச் சொன்னேன். "பதினெட்டு எம்எம் பிளைவுட் போட்டர்லாமுங்க, மேல ஆளே ஏறி நிக்கலாம்" என்றார். நின்றும் காட்டினார். எனக்கு ரொம்பத் திருப்தி.

சரி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முழுச் சாமானோடு வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது. ஏறும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு நொடி தாமதித்து வண்டியின் மேல்பாதி தனியாகச் சாய்வது போல ஒரு உணர்வு. 1,720 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒடிசலான வண்டி, தலையில் இரும்பும் கூடாரமும் கேனும். எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, மனைவி கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தவள் ஆழியாறு வரை விடவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு, நாங்கள் இருவரும் உட்கார்ந்தபடியே வண்டியை ஒரு எடை மேடையில் ஏற்றினோம். எடைச் சீட்டில் வந்த எண் 1,610 கிலோ. இந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ, வண்டியின் சொந்த எடையே 1,200க்குப் பக்கம். ஆக, ஆட்களையும் சேர்த்து நமக்குக் கிடைப்பது சுமார் 340 கிலோ, அதில் நாங்கள் இருவருமே 145. மிச்சத்தில்தான் மேடை, கேரியர், அரிசி மூட்டை எல்லாம். இடம் போதவில்லை என்று இரண்டு மாதமாக அலைந்தவன், இடத்தைப் பெருக்கிப் பெருக்கி எடையைத் தாண்டிவிட்டேன் என்று அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. டிக்கியில் ஏதாவது செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் எடை மேடைக்குப் போய்விட்டு வாருங்கள், செலவும் அதிகமில்லை.

கேரியரை அன்றே கழற்றினேன். ஆசாரியிடம் போய் மேடையைப் பிரிக்கச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை 18 எம்எம் என்றால் சுமார் 35 கிலோ வரும், 12 எம்எம் 23 கிலோவுக்குள் அடங்கும். இரண்டு டிராயரை ஒன்றாக்கி, 12 எம்எம் பலகையில் மறுபடி செய்தோம், அதில் மட்டும் 25 கிலோ போனது. பின் சீட்டையே கழற்றிவிடலாமே என்று நண்பர் சொன்னார். ஆர்சி புத்தகத்தில் நாலு இருக்கை என்று இருக்கும்போது அதை மாற்றுவது சட்டப்படி சிக்கல், அதனால் மடக்குவதோடு நிறுத்திக்கொண்டேன். மடக்கிய சீட் சமமாகப் படுக்காது, டிக்கித் தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு படி நிற்கும். அந்தப் படிக்குக் கீழே உள்ள பள்ளம்தான் டிராயரின் இடம். ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை, வண்டியில் இருந்த போல்ட் இடங்களிலேயே மேடையை இறுக்கினோம்.

எனக்குக் கிடைத்த நல்ல இடம் வேறு. சீட்டை மடக்கிய பிறகு பின்னால் உட்காருபவர்கள் கால் வைக்கும் பள்ளம் காலியாகக் கிடக்கிறது. வண்டியிலேயே தாழ்வான இடம் அது, இரண்டு அச்சுக்கும் நடுவிலும் இருக்கிறது. தண்ணீர், அரிசி, டூல்ஸ் என்று கனமான எல்லாம் அங்கே போயின. கூடாரமும் படுக்கையும் மேடைக்கு மேல், பெல்ட் போட்டு இறுக்கி. மணாலிக்கு அப்புறம் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில்தான் பெட்ரோல் பங்க், ஆனால் தூரம் 200 கிலோமீட்டர்தான், டேங்கோ 40 லிட்டர். தனி பெட்ரோல் கேன் எதற்கு? அதுவும் வீட்டிலேயே நின்றது. இரண்டாம் முறை எடை போட்டபோது 1,520.

செப்டம்பரில் கிளம்பி, தேசிய நெடுஞ்சாலை 44ஐப் பிடித்து வடக்கே போனோம். மணாலி வரை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சாலை. அடல் சுரங்கத்தின் ஒன்பது கிலோமீட்டரையும் தாண்டி கிராம்பூவில் ஸ்பிதிப் பாதைக்குத் திரும்பியதும் எல்லாம் மாறிவிடும். பாத்தல் வரை சாலை என்ற பெயரில் கிடப்பது உருண்டைக் கல்லும், குறுக்கே ஓடும் பனிநீரும். முதல் அரை மணி நேரத்திலேயே பின்னாலிருந்து கடகடவென்று சத்தம். நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்தால், டிராயர் மூடியபடியே இருக்கிறது, ஆனால் சட்டத்துக்கும் அதற்கும் நடுவில் நெல்மணி அளவு இடைவெளி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பலகை பலகையில் போய் இடிக்கிறது. பஞ்சர் சாமானோடு கிடந்த பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டி, மடித்து, அந்த இடைவெளியில் கத்தி முனையால் அழுத்திச் செருகினேன். சத்தம் நின்றது. ஊர் திரும்பும் வரை அது அங்கேயே இருந்தது, இன்னமும் இருக்கிறது.

சந்திரதாலில் ஏரிக்கரையில் கூடாரம் போடக் கூடாது, சில கிலோமீட்டர் தள்ளித்தான் தங்க வேண்டும். 4,250 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது. எடை குறைக்கும்போது குக்கரைத் தூக்கிவிடலாமா என்று நான் கேட்டதற்கு மனைவி முடியவே முடியாது என்றிருந்தாள். அன்று இரவு விரல் விறைக்கும் குளிரில் புளிக்காய்ச்சல் பிசைந்த சூடான சோற்றை ஒரு வாய் வைத்ததும் அவளுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் ஸ்பிதிக்குள் இறங்கும் குன்சும் கணவாய். 4,550 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிக்குச் சற்றுதான் அதிகம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு அங்கே மூச்சு வாங்கும், முதல் கியரை விட்டு மேலே போக மனசே வராது. முந்தைய 1,610 கிலோவோடு வந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச் கருகும் வாசம் வந்திருக்கும். மெதுவாக, நிற்காமல் ஏறியது.

கணவாயில் குன்சும் மாதா கோயிலை வண்டிகள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகின்றன, நாங்களும் சுற்றினோம். அப்புறம் டீ போடலாம் என்று ஓரமாக நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். ஸ்டெப்னி தொங்கும் கனத்த கதவு, பக்கவாட்டில் திறப்பது, அந்தக் காற்று அதைப் பிடித்துத் திரும்பச் சாத்தப் பார்த்தது. மனைவி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் டிராயரை இழுத்து, அதன் மறைவிலேயே ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். நாலாவது தீக்குச்சியில் பிடித்தது.