வாரத்துக்கு வளர்த்த லில்லி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், நாலு வருடத்துக்கு முன் பக்கத்துக் காம்பரா (அறை வீடு) அம்மாயி ஒரேயொரு லில்லிக் கிழங்கு தந்தார். எப்படி வந்ததென்று ஞாபகமில்லாத ஒரு பெயிண்ட் வாளி கிடந்தது. ஆணியைச் சுட்டு அடியில் ஓட்டை போட்டு, அதில் நட்டு, இஸ்தோப்பு (முன் திண்ணை) ஓரத்தில் வைத்தேன். போன வருடம் 11 பூ. வாசம் லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் போனது.

இந்த ஏப்ரலில் சீசன் என்று ஆட்களெல்லாம் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் பூப் பார்க்கப் போக, என் வாளியில் பூத்தது இரண்டே இரண்டு. மாமியார் கண்ணூறு என்று முடிவுகட்டி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். எனக்கென்னவோ வாளி மேல்தான் சந்தேகம். பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நின்றது.

தண்டும் இலையும் மஞ்சளாகிக் காயும் வரை பொறுத்திருந்தேன். அடுத்த பூவுக்கான சாப்பாட்டைக் கிழங்கில் சேர்த்து வைப்பது அந்த இலைதான். பூ முடிந்த கையோடு வெட்டினால் போச்சு. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மழை விட்டது. வீட்டுக்காரர் வாளியைக் கவிழ்த்துத் தட்டினார். அசையவில்லை. தேயிலை மலையில் மண்ணைக் கிளற முள்ளுக் குத்திப் பழகிய கை அல்லவா, அந்த இரும்பு முள்ளை எடுத்து வந்து ஒரே குத்து. கரக்கென்று சத்தம். முள் முனையில் ஒரு கிழங்கு தொங்கியது.

படங்கை விரித்துக் கொட்டினால், அதையும் சேர்த்துப் பெரிய கிழங்கு 13. தண்டோடு ஒட்டிக் கொண்டைக்கடலை அளவில் குட்டிகள் வேறு. எண்ணி முடிக்கவும் அம்மாயி வந்து குந்தவும் சரியாக இருந்தது.

"ஏம் புள்ள, பங்குக்கு வளக்கச் சொல்லி வாரத்துக்கு விட்ட மாட்டுக்கு என்ன கணக்கு?"

"தாய் குடுத்தவங்களுக்கு, கன்னு பாதிப் பாதி."

"அப்ப என் தாயைக் குடு."

அங்கேதான் சிக்கல். லில்லிக் கிழங்கு மாடு மாதிரி கன்று போட்டுவிட்டுத் தள்ளி நிற்பதில்லை. உள்ளே இரண்டு குருத்து வைத்தால் தானே இரண்டாகப் பிரிந்துவிடும். எது தாய், எது பிள்ளை என்று அதற்கே தெரியாது. இதைச் சொன்னதும், மாட்டை விற்றுத் தின்றவளைப் பார்ப்பதுபோல அம்மாயி என்னைப் பார்த்தார். அப்புறம் இருப்பதில் பெரியதை எடுத்து, "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, இதுதான்" என்று மடியில் கட்டிக்கொண்டார். குத்துப்பட்டதைத் தள்ளிவிட்டு மீதி 11. ஆளுக்கு ஐந்து. மிஞ்சிய ஒன்று?

"அது நாலு வருசத்து வட்டி."

குட்டிகளை நீட்டினேன். பூக்க இரண்டு மூன்று வருடமாகும் என்றதும், "நான் இருப்பனோ என்னமோ, நீயே வச்சுக்க" என்றார். மனசு கரைந்துபோய் இருக்கும்போது, குத்துப்பட்ட கிழங்கை வீட்டுக்காரர் செதில் செதிலாகப் பிரிக்கத் தொடங்கினார். ஈரத் தென்னந் தும்புத்தூளோடு பையில் கட்டி வைத்தால், சில வாரத்தில் செதிலின் அடியில் குட்டிக் கிழங்கு வைக்கும். அது பூக்க இன்னும் நாளாகும்.

"அதுல ஒரு கை போடு" என்றார் அம்மாயி. "இருந்தாலும் இருப்பேன்."

வெங்காயம் மாதிரி மேல்தோல் கிடையாது, கிழங்கு சீக்கிரம் வாடிவிடும் என்பதால் அன்றைக்கே நட்டோம். மாட்டெரு, ஆற்று மணல், நல்ல மண். இந்த முறை கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழம், ஏனென்றால் கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும். பெயிண்ட் வாளியில் மூன்று, ஒரு பழைய சட்டியில் இரண்டு.

மறுநாள் விடிய அம்மாயி மறுபடியும் இஸ்தோப்பில்.

"இந்த வாளி எம் மகன் கொழும்புல இருந்து கொண்டாந்ததுல்ல?"

"ஐயோ அம்மாயி, நேத்துத்தான் அதுல நட்டேன்."

"அதுக்கென்ன, நட்டபடியே தா."