ஒன்பதாவது பத்தி: ஜோகன்னஸ்பர்க் நாட்குறிப்பு

செப்டம்பர் 3, 2025, புதன்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் காவலில் இறந்தவர்களின் அட்டவணையைச் சரிபார்ப்பதுதான் இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. பெயர், வயது, ஊர், எந்தச் சட்டத்தில் கைது, எந்தக் காவல் நிலையம் என்று பத்திகள் வரிசையாகப் போகின்றன. ஒன்பதாவது பத்தி, இறப்புக்கான காரணம். வந்த வேகத்திலேயே அதோடு எனக்குச் சண்டை வந்துவிட்டது.

விசாரணையில்லாமல் ஒருவரைப் பூட்டி வைக்கும் அதிகாரத்தை நிறவெறி அரசு 1963இல் போலீசுக்குக் கொடுத்தது. முதலில் 90 நாள், பிறகு 180 நாள். 1967இன் பயங்கரவாதச் சட்டத்தில் நாள் கணக்கே கிடையாது. 1990 வரையில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் காவலில் இறந்துபோனார்கள். காரணங்களைப் படிக்கிறேன். சோப்புக் கட்டியில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். குளிக்கும்போது விழுந்தார். படிக்கட்டில் உருண்டார். ஏழாவது மாடியிலிருந்து குதித்தார். பத்தாவது மாடியிலிருந்து குதித்தார். தன் கால்சட்டையாலேயே தூக்குப் போட்டுக்கொண்டார்.

போலீஸ் சொன்னதை மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். மாஜிஸ்திரேட் எழுதியதை இப்போது நான் தட்டச்சு செய்ய வேண்டுமாம். "ஆவணத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தானே போட முடியும்?" என்கிறார் குழுத் தலைவர். கொன்றவன் எழுதிக் கொடுத்த சீட்டையும் ஆவணம் என்றுதான் சொல்ல வேண்டுமா?

செப்டம்பர் 5, வெள்ளி

லுக்ஸ்மார்ட் ங்குட்லே இறந்த நாள் இன்று. 1963, பிரிட்டோரியா. 90 நாள் சட்டத்தில் காவலில் இறந்த முதல் ஆள். போலீஸ் கணக்கில் தற்கொலை. மகனைத் தேடித் தாய் பிரிட்டோரியா வந்து சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இரண்டு தடவை படித்தேன். மரண விசாரணை நெருங்கியபோது, இறந்தவர் மீதே அரசு தடையாணை பிறப்பித்தது. தடை செய்யப்பட்டவரின் சொற்களை மேற்கோள் காட்டுவது குற்றம். அதாவது, தன்னை எப்படிச் சித்திரவதை செய்தார்கள் என்று சிறையில் சக கைதிகளிடம் அவர் சொல்லியிருந்தால், அதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல முடியாதபடி வழியை அடைக்கும் ஏற்பாடு. பிணத்தின் வாயைப் பொத்துவதற்கு அரசாணை! இப்படியொன்றைக் கதையில் எழுதினால், மிகை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருடைய எச்சங்கள் மமெலோடியில் ஆதரவற்றோர் புதைகுழி ஒன்றிலிருந்து 2007இல்தான் தோண்டி எடுக்கப்பட்டன. காணாமல்போனோரைத் தேடும் குழு ஒன்று 2005 முதல் அரசு வழக்குத் தொடர்வு ஆணையத்துக்குள் இயங்குகிறது. அர்ஜென்டினாவின் தடயவியல் மானுடவியலாளர்கள் அதற்கு உதவியிருக்கிறார்கள். ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமல்போன நாடு அவர்களுடையது, அந்த அனுபவம் அப்படி.

செப்டம்பர் 12, வெள்ளி

கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீகோ போலீஸ் காவலில் இறந்து 48 ஆண்டுகள். கெபெர்ஹாவில் அவருடைய மரண விசாரணையை இன்று மறுபடி தொடங்கினார்கள். உடனே நவம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். பட்டினிப் போராட்டத்தில் செத்தார் என்றுதான் 1977இல் அமைச்சர் முதலில் சொல்லிப் பார்த்தார். தலையில் அடிபட்டவரை நிர்வாணமாக வண்டியின் பின்புறம் போட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றது பிறகு தெரியவந்தது. அப்படியும், யாரும் பொறுப்பில்லை என்று தீர்ப்பு எழுத மாஜிஸ்திரேட்டால் முடிந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று முழுக்க, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையில் ஏழாம் தொகுதி, பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல். வெறும் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் ஓரிரு வாக்கியங்களும்தான். எந்த ஊர், எந்த நாள், யார் சுட்டார்கள். டெஸ்மண்ட் டூட்டூ தலைமையிலான அந்த ஆணையம் 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டனில் முதல் அமர்வை நடத்தியது. கண்ணீரும் கேமராவுமாக இருந்த அமர்வுகளைத்தான் உலகம் பார்த்தது. ஆனால் மேடையேறியவர்கள் மிகச் சிலர். 21,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களில் பெரும்பாலானவை சர்ச் கூடங்களிலும் வீடுகளிலும் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

அந்தப் படிவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சொல்ல வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மகனைச் சுட்டதைச் சொன்னார்கள், கணவனை இழுத்துப்போனதைச் சொன்னார்கள். தங்களுக்கு நடந்ததைச் சொல்லவில்லை. அதைக் கவனித்தபின் படிவத்தில் பெண்களுக்கென்று ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள்: மற்றவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது உங்களுக்கு நேர்ந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள் என்ற பொருளில். அந்தக் குறிப்பு வருவதற்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள் ஏழாம் தொகுதியில் பாதிக்கப்பட்டவரின் தாய், மனைவி என்றே நின்றிருப்பார்கள். பத்தியில் கேட்காத கேள்விக்குப் பட்டியலில் விடை இருக்காது.

செப்டம்பர் 23, செவ்வாய்

1993. தேர்தல் வரப்போகிறது, ஆட்சி கைமாறப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரம். தேசிய உளவுத்துறையின் தலைமையகம் மட்டும் சில மாதங்களில் சுமார் 44 டன் கோப்புகளையும் மைக்ரோஃபிலிம்களையும் அழித்தது. பிரிட்டோரியாவில் உள்ள இஸ்கோர் இரும்பாலையின் உலை அதற்குப் பயன்பட்டது. காகிதத்தை எரிக்க இரும்பு உருக்கும் உலை! எங்கள் அட்டவணையில் 'தகவல் இல்லை' என்று வரும் இடங்களில் எத்தனை அந்த உலைக்குப் போனவை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இனி அந்தக் கட்டங்களில் 'அழிக்கப்பட்டிருக்கலாம்' என்றாவது எழுத அனுமதி கேட்டிருக்கிறேன். பரிசீலிக்கிறார்களாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

மதியம் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை நடந்தேன். அந்த வளாகம் முன்பு சிறைச்சாலை. காந்தியும் இருந்திருக்கிறார், மண்டேலாவும் இருந்திருக்கிறார். 2023இன் கடைசியில் இந்த வாசலுக்கு வெளியேதான் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பான குலுமானியைச் சேர்ந்த முதியவர்கள், பெரும்பாலும் பாட்டிகள், படுக்கையை விரித்துப் போராடத் தொடங்கினார்கள். காரணம், மூடிய பட்டியல். 1997 டிசம்பருக்குள் வாக்குமூலம் கொடுத்து ஆணையம் ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே பாதிக்கப்பட்டவர்கள். 2003இல் அவர்களுக்குத் தலைக்கு 30,000 ராண்ட் ஒரே தவணையாகக் கொடுத்துக் கணக்கை முடித்தது அரசு. அன்று நாடு கடந்து இருந்தவர், படுக்கையில் கிடந்தவர், பயந்தவர், செய்தியே எட்டாத கிராமத்தில் இருந்தவர் யாருமே கணக்கில் வரமாட்டார்கள். நிதியில் இன்னும் நூறு கோடி ராண்டுக்கு மேல் செலவாகாமல் கிடக்கிறது.

சாட்சியாகத் தொடங்கிய பட்டியல் ரேஷன் கார்டாகிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

சக ஊழியர் ஒருவர் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், பெயரின் பின்பாதியில் பிள்ளை இருக்கிறது. தமிழ் நான்கைந்து சொற்களும் மாரியம்மன் திருவிழாவும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நான் தமிழில் பேச ஆரம்பித்தால், "அக்கா, கொஞ்சம் மெதுவாக" என்பார். அவருடைய தாத்தா மேகசின் பேரக்ஸில் குடியிருந்த நகராட்சித் தொழிலாளி. அங்கே பெரும்பாலும் தமிழர்கள். 1960களில் குடியிருப்பையே காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டினார்கள். "இதற்கு உங்கள் அட்டவணையில் எந்தப் பத்தி?" என்று கேட்டார்.

பத்தி கிடையாது. ஆணையத்தின் வரையறை கொலை, கடத்தல், சித்திரவதை, கடுமையான கொடுமை என்ற நான்கு. வீட்டை இடித்ததும், கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டான பாஸ் புத்தகம் இல்லையென்று சிறையில் போட்டதும் அன்று சட்டப்படி நடந்தவை. லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்த அது பட்டியலுக்கு வெளியே. ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21 அன்று சுடப்பட்டவர்கள் உள்ளே வருகிறார்கள். எந்தப் பாஸ் புத்தகத்தை எதிர்த்து அவர்கள் அங்கே கூடினார்களோ, அது வரவில்லை. எங்கள் அட்டவணையோ இன்னும் குறுகியது, காவலில் நடந்த சாவு மட்டும்தான். அதற்கே மூச்சு முட்டுகிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

அகமது டிமோல், பள்ளி ஆசிரியர், வயது 29. 1971இல் இதே தேதியில் ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர் என்ற ஜோகன்னஸ்பர்க் காவல் நிலையத்தின் பத்தாவது மாடியிலிருந்து குதித்ததாக 1972இல் எழுதினார்கள். அந்தக் கட்டடம் நெடுஞ்சாலை ஓரம் நீலச் சுவரோடு இன்றும் காவல் நிலையமாகவே இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். லிஃப்ட் ஒன்பதாவது மாடியோடு நின்றுவிடும். விசாரணை அறைகள் இருந்த பத்தாவதுக்குப் படியேற வேண்டும்.

விடாமல் துரத்தியவர்கள் குடும்பத்தார்தான். 2017 அக்டோபரில் நீதிபதி பில்லி மோட்லே பழைய முடிவைத் தூக்கிப் போட்டார்: தள்ளிவிடப்பட்டார், இது கொலை. விழுவதற்கு முன்பே ஏற்பட்டிருந்த காயங்களோடு அவரால் ஜன்னல் வரை போய்க் குதித்திருக்கவே முடியாது. ஒரு வரியைத் திருத்த 45 ஆண்டுகள். வழக்குத் தொடரப்பட்ட முன்னாள் போலீஸ்காரர் விசாரணை முடியாமலேயே 2021இல் இறந்துபோனார்.

அதன் பிறகு பழைய முடிவைத் திருத்தும் தீர்ப்புகள் வரிசையாக வந்தன. தொழிற்சங்கவாதி நீல் ஆகெட், 2022இல். டர்பனில் இறந்த பல் மருத்துவர் ஹூசேன் ஹஃபேஜி, 2023இல். கால்சட்டைத் தூக்கு என்ற காரணம் அவருடையதுதான். படிக்கட்டில் உருண்டதாகச் சொல்லப்பட்ட இமாம் அப்துல்லா ஹாரோன், அதே ஆண்டு. 1969இல் இறந்த அவருக்குத் தீர்ப்பு வர 54 ஆண்டுகள். அவர் மனைவி 2019இல் கண்ணை மூடிவிட்டார்.

அக்டோபர் 30, வியாழன்

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து செய்தி. ஆல்பர்ட் லுதுலி, நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். 1967இல் தண்டவாளத்தில் நடந்தபோது சரக்கு ரயில் மோதி இறந்தார் என்று பாடப் புத்தகம் வரை ஏறிய கதை. அடித்துக் கொல்லப்பட்டார் என்று நீதிமன்றம் இன்று அறிவித்திருக்கிறது. அவர் இறந்தது காவலில் அல்ல என்பதால் எங்கள் பட்டியலில் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் யாருக்கும் மதியத்துக்கு மேல் வேலை ஓடவில்லை.

மாலையில் ஒன்பதாவது பத்தியைப் பற்றி மறுபடி பேசினோம். பழைய காரணத்தை அழித்துவிடச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் மாறிவிட்டேன். சோப்புக் கட்டி அப்படியே இருக்கட்டும். பொய்யைச் சொன்னவர் யார், அதை ஏற்றுக் கையெழுத்திட்ட மாஜிஸ்திரேட் யார் என்று இரண்டு பத்திகள் பக்கத்தில் சேர்ப்போம். மறுவிசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு மூன்றாவதாக. தலைப்பை 'போலீஸ் கூறிய காரணம்' என்று மாற்றக் குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார். மாஜிஸ்திரேட்டுகளின் பெயரைப் போடுவதற்குத்தான் இன்னும் தயங்குகிறார். திங்கட்கிழமை மறுபடி கேட்பேன்.