நாலரை முழத்தில் நெல்லை

நெல்லையப்பர் கோயிலின் நாலு ரத வீதிகளையும் படமெடுத்தபடி சுற்றிவர ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் கேமராவை வீதியில் நின்று திருகக் கூடாது, எல்லாவற்றையும் அறையிலேயே முடித்துவிட வேண்டும். கையில் இருப்பது ரிக்கோ ஜிஆர் 3 என்று வைத்துக்கொள்வோம். 28 மி.மீ. அகலக் கோணம், ஜூம் கிடையாது, சட்டைப்பைக்குள் அடங்கும்.

முதல் வேலை ஃபோகஸ். கீழ ரத வீதியில் கடை வாசலெங்கும் சரமும் பையும் தொங்கும், குறுக்கே சைக்கிள் போகும். ஆட்டோஃபோகஸ் முன்னால் தொங்குவதைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்கும் முகத்தை விட்டுவிடும். அதனால் ஃபோகஸை, தூரத்தை முன்கூட்டியே நிறுத்திவைக்கும் 'ஸ்னாப்' முறையில் வைத்து, தூரத்தை 2 மீட்டர் என்று நிறுத்துங்கள். எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும், தெளிவாக விழும் தூரம் நீளும். எஃப் 8-இல் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து வீதியின் மறுகோடி வரை தெளிவாக விழும். எஃப் 5.6-க்கு வந்தால் 1.2 முதல் 6 மீட்டர்தான். எஃப் 2.8-இல் ஒன்றரையிலிருந்து 3 மீட்டருக்குள் சுருங்கிவிடும். பகலில் எஃப் 8-ஐ விட்டு இறங்காதீர்கள்.

2 மீட்டர் என்பது நாலரை முழம். பூக்காரம்மா விரல்நுனியிலிருந்து முழங்கை வரை சரத்தை இழுத்து அளக்கிறாரே, அதே முழம். அறையில் தரையில் அளந்து குறிவைத்து, அந்த இடைவெளியைக் கண்ணுக்குப் பழக்குங்கள். கேமராவைக் கிடையாகப் பிடித்தால் அந்தத் தூரத்தில் சுமார் இரண்டரை மீட்டர் அகலமும் 1.7 மீட்டர் உயரமும் சட்டத்துக்குள் வரும். நெடிய ஆள் நின்றால் தலையோ காலோ வெட்டுப்படும். முழு ஆள் வேண்டுமென்றால் நெட்டாகப் பிடியுங்கள், இல்லையென்றால் ஓர் எட்டு பின்னால் போங்கள்.

வெளிச்சத்துக்கு ஏவி முறை, அதாவது துளையை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். சென்சாரின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓ ஆட்டோ. கீழெல்லை 200, மேலெல்லை 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 நொடி. இந்தக் குறைந்தபட்சத்தை வைக்க மறப்பதுதான் பெரும்பாலான படங்கள் கெடக் காரணம். மறந்தால், பந்தல் நிழலுக்குள் நுழைந்ததும் கேமரா ஷட்டரை மெதுவாக்கி, நடக்கிற ஆளைக் கலங்கலாக்கிவிடும். வெயிலில் வெள்ளை வேட்டி வெளிறிப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7-க்கு இறக்குங்கள். கோயில் சுவரின் நிழலில் நிற்கும் முகங்களுக்கு மறுபடி பூஜ்யம். நம் அமைப்புகளைச் சேமித்துவைக்க டயலில் யூ1, யூ2, யூ3 என்று இடங்கள் உண்டு. இந்தத் தொகுப்பை யூ1-இல் சேமித்துவிட்டால் டயலைத் திருப்பினாலே போதும்.

ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ரெண்டு மீட்டர் இடைவெளி கிடைக்காது. அதற்கு யூ2: ஸ்னாப் 1.5 மீட்டர், எஃப் 8, ஷட்டர் 1/500. முக்கால் பாகம் மனிதர்களாகவே நிறையும், வடம் பிடிக்கும் கைகள் கூர்மையாக விழும். இந்தக் கேமராவுக்குத் தூசிக்காப்போ தண்ணீர்க்காப்போ இல்லை. லென்ஸ் நீட்டி மடங்கும்போது தூசி உள்ளே போய் சென்சாரில் ஒட்டினால், எஃப் 8-இல் எடுத்த வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அடிக்கடி அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

குறுக்குத்துறைப் படித்துறைக்கு விடியலில் போவதானால், ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக் கால்மணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். இல்லையேல் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். அங்கே குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். தாமிரபரணியும் ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலும் போதும். சந்தையிலும் கடைவீதியிலும் ஒருவரைத் தனியாக எடுப்பதென்றால், "ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அந்தி சாய்ந்து இருட்டுக்கடை முன்னால் கூட்டம் சேரும் நேரத்துக்கு யூ3: எஃப் 2.8, குறைந்தபட்ச ஷட்டர் 1/100. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் பல, நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் அதைவிட வேகமானால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். இந்நேரத்தில் மட்டும் ஸ்னாப்பை விட்டு ஆட்டோஃபோகஸுக்கு வாருங்கள். தெளிவுக்கான இடைவெளி ஒன்றரை மீட்டர்தான் என்பதால் கண்ணளவு ஏமாற்றும். வாழையிலைத் துண்டில் விழுந்த அல்வாவில் நெய் மினுங்கும், அந்த மினுக்கத்தின் ஓரத்தில் ஃபோகஸைப் பிடித்தால் உடனே பூட்டிக்கொள்ளும்.

பேட்டரி ஒன்றுக்குச் சுமார் 200 படம் என்பதுதான் கணக்கு. காலை முதல் இரவு வரைக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.