வெளிச்சவீடும் பைதகரசும்

ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர்களுக்குப் பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1916இல் எழுந்தது, 100 அடிக்குச் சற்று அதிகமான உயரம், நிற்பது முனை என்கிற கரையோரப் பகுதியில். இலங்கையின் வடகோடியே அதுதான் என்று வெளியூர் மாணவர்களிடம் நாங்கள் அளந்துவந்தோம். உண்மையான வடகோடி மேற்கே சக்கோட்டையில் இருக்கிறது என்பதை இந்த வயதிலாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் எழுத வந்தது ஒரு கணக்கைப் பற்றி. 1970களின் தொடக்கம். பைதகரசின் தேற்றத்தை எங்கள் மண்டைக்குள் இறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த கணித மாஸ்டர், ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டார். அது பூமி. அதன்மேல் ஒரு குச்சி. அது வெளிச்சவீடு. குச்சியின் நுனியிலிருந்து வட்டத்துக்கு ஒரு தொடுகோடு இழுத்து, "கடலில் வருகிறவனுக்கு இது எவ்வளவு தூரத்தில் தெரியும்?" என்றார். உயரத்தை அடியில் எடுத்து ஒன்றரையால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் மைலில் விடை வந்துவிடும். 100 அடிக்குப் பன்னிரண்டே கால் மைல். வகுப்பில் முதலில் விடை சொன்னவன் நான். அந்தப் பெருமை இன்னும் முழுதாக வடியவில்லை.

பின்வாங்கிலிருந்து முனைப்பக்கத்து நண்பன் எழுந்தான். தகப்பனோடு கடலுக்குப் போய்வருகிறவன். "வாடைக்காலத்தில் மழை இறங்கினால் நாலு மைலிலும் தெரியாது, சேர். தெரிந்தாலும் நேரே அதைப் பார்த்து வரக்கூடாது. பாரில் அடித்துவிடும்."

மாஸ்டர் சோக்குக்கட்டியை அவனிடம் நீட்டினார். வட்டத்துக்குப் பக்கத்தில் அவன் கரையை வரைந்தான்: கரைக்கு முன்னால் பார் என்கிற முருகைக்கல் திட்டு, அதில் தோணி நுழையும் இடைவெளி, கரையில் ஒரு பனை, அதன் பின்னால் ஒரு கூரை. பனையும் கூரையும் ஒன்றின் நேரே ஒன்று வந்தால்தான் வழி சரி. வெளிச்சவீடு ஊரைக் காட்டும், வாசலைக் காட்டாது என்றான். கடைசியாக அவன் சொன்னது கணக்கில் சேராதது: "கடலில் இருக்கும்வரை பசி தெரியாதாம், சேர். வெளிச்சவீடு கண்ணில் பட்டதும்தான் வயிறு கேட்கத் தொடங்குமாம். ஐயா சொல்வார்."

வகுப்பு சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு படங்களையும் அன்று முழுவதும் அழிக்க விடவில்லை.

பிறகு நான் ஊரைவிட்டுப் போனது விமானத்தில். வெளிச்சவீடு என்னை வழியனுப்பவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியதும் தரைவழியேதான். கோபுரத்தின் வளவுக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை, வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். இது கிட்ட நின்று பார்க்கிற பொருளே அல்ல என்று அப்போதுதான் பட்டது.

நண்பன் இன்னும் முனையில்தான் இருக்கிறான். மறுநாள் விடிய, மகனுடைய படகில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். கரை மறைந்தது. பனைகளும் மறைந்தன. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இப்போது திரும்பிப் பார்" என்றான். தண்ணீருக்கு மேலே நட்டுவைத்த ஈர்க்குப்போல ஒன்று நின்றது. எத்தனை மைல் என்று கணக்குப் போட எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு பை தட்டுவடையை என் மடியில் போட்டு, "பசிக்கிறதா?" என்று கேட்டான்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. படகின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்தேன்.